மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே தேவனுடைய பெரிய நோக்கத்துக்குள் வருவது எப்படி?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் புது வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகள் வரும். தமிழ்ச் சபை எதுவானாலும் அந்தத் தட்டில் எரேமியா 29:11 இருக்கும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அட்டை கையில் விழுந்தவர் முகமே மலர்ந்துவிடும். வீட்டுக் கடன் பாஸாகும், மகனுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கும், மகளுக்கு நல்ல வரன் வரும், சிங்கப்பூர் வேலை பெர்மிட் கைக்கு வரும். அந்த வசனத்துக்கு நாம் வைத்திருக்கும் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கேலிக்காகச் சொல்லவில்லை. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சொந்தமாக ஒரு வீடு, கதவில் நம் சாவி என்ற ஆசையைப் பாவம் என்று பிரசங்கம் பண்ணுகிறவர் முதலில் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து பேசட்டும். இயேசு கானாவூர்க் கலியாணத்துக்குப் போனார், திராட்சரசம் குறைவுபட்டபோது குறையைத் தீர்த்தும் வைத்தார். சௌகரியம் கெட்டதல்ல. நம் ஜெபம் அந்த வாசலைத் தாண்டாமல் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

ஏற்கெனவே சபைக்குப் போகிறவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள், "எனக்கு எல்லாம் கொடுத்தார், அடுத்து என்ன?" என்ற கேள்வியோடு இருக்கிறவர்கள் இந்த வழியில் நடந்து பார்க்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

முதல் படி: கடிதத்தை மேலிருந்து வாசியுங்கள்

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். அதைத் தனியாக வாசிக்காமல் 27, 28 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள். 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் வீடு திரும்புவீர்கள் என்று ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்னால், கர்த்தரின் பெயராலேயே சொல்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். கடிதம் வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்படுவார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. 11-ஆம் வசனம் இவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது.

அதற்கு முன்னால் 5 முதல் 7 வரை என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நான் உங்களை அனுப்பின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்று இருக்கிறது. சொந்த வீடும் கலியாணமும் கட்டளையிலேயே வந்துவிட்டன, கவனித்தீர்களா? ஆனால் நம் சமாதானத்தை ஊரின் சமாதானத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார். என் கருத்தில் 11-ஐச் சுவரில் மாட்டுகிறவர்கள் 7-ஐயும் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஒரு வாரம் இந்த மூன்று அதிகாரங்களையே வாசியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நமக்குத் தருவதாகச் சொன்னவை, எதிர்ப்பக்கம் நம்மைச் செய்யச் சொன்னவை என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை. நம் முன்னோர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்ததையும் பாபிலோன் சிறையிருப்பையும் ஒன்றாக்கிப் பிரசங்கிக்கும் பழக்கம் உண்டு. அது சரியல்ல. யூதாவை அனுப்பினவர் கர்த்தர் என்று வேதம் சொல்கிறது. நம்மவர்களைக் கொண்டுவந்தது கம்பெனியின் லாபக் கணக்கு. அதன்மேல் தேவனுடைய கையெழுத்தைப் போட நமக்கு அதிகாரமில்லை. வந்து சேர்ந்த இடத்தில் அவர் நம்மோடு இருந்தார் என்று சொல்லலாம், அதற்கு சாட்சி நிறைய இருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் ஆமணக்குச் செடியைக் கண்டுபிடியுங்கள்

யோனாவின் புத்தகத்தில் யோனா சந்தோஷப்படுவது ஒரே ஒரு இடத்தில்தான். மீன் கக்கிக் கரை சேர்ந்தபோது இல்லை. நினிவே மனந்திரும்பியபோது இல்லவே இல்லை, அப்போது கோபம்தான் வந்தது. தலைக்குமேல் ஆமணக்குச் செடி வளர்ந்து நிழல் கொடுத்தபோது "யோனா மிகவும் சந்தோஷப்பட்டான்". மறுநாள் பூச்சி அரித்துச் செடி காய்ந்ததும் சாகிறதே நலம் என்கிறான். நீ வளர்க்காத செடிக்காக இப்படிப் பரிதபிக்கிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று தேவன் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனா பதில் சொன்னதாக இல்லை.

நம் சபைகளில் ஆமணக்குச் செடிக்கு ஏர்கோன் என்று பெயர். கமிட்டிக் கூட்டத்தில் ஒன்றரை குதிரைச் சக்தியா இரண்டா, எந்தப் பக்கச் சுவர், பாஸ்டருக்கு நேராகக் காற்று அடிக்குமா என்று டீ ஆறும்வரை பேசுவார்கள். பின்வரிசையில் உட்காரும் விதவைத் தாய் இரண்டு வாரமாக வரவில்லை என்று யாராவது சொன்னால் "ஜெபத்தில் வைத்துக்கொள்வோம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். மேடைக்கு எதிரில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒரு வாரம் நீங்கள் ஜெபித்ததை எல்லாம், சாப்பாட்டு ஜெபம் உட்பட, சுருக்கமாக எழுதி வையுங்கள். வார முடிவில் உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே போன ஜெபங்களை மட்டும் வட்டமிடுங்கள். வட்டங்கள் குறைவாக இருந்தால் அழவேண்டாம், உபவாசமும் வேண்டாம். அடுத்த வாரம் அதே ஜெபங்களோடு பெயர் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "உலகத்தில் கஷ்டப்படுகிற எல்லாரும்" என்பது பெயர் ஆகாது.

மூன்றாம் படி: "நன்மை" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28 நமக்கு மனப்பாடம். அந்த நன்மை எதுவென்று பவுல் அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறார்: தம்முடைய குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக மாறுவது. பதவி உயர்வும் அதற்குப் பயன்படலாம், வேலை போனதும் பயன்படலாம். இதை ஏற்றுக்கொண்டால் பல ஜெபங்களின் திசை தானாக மாறும்.

ஆனால் இந்த வசனத்தைத் துக்க வீட்டில் முதல் ராத்திரி சொல்லாதீர்கள். கூடாரம் போட ஆள் கூப்பிடுங்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் போன் பண்ணுங்கள், தம்ளர்களைக் கழுவுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

நான்காம் படி: சுமக்க வேண்டியதையும் எதிர்க்க வேண்டியதையும் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதைச் செய்தால் ஆபத்து. "சுயசௌகரியத்தைவிட தேவ நோக்கம் பெரிது" என்ற போதனை எளிதாக அடிமைச் சங்கிலியாகிவிடும். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடி வாங்குகிற பெண்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஓவர்டைம் சம்பளம் வராததை "சிலுவை" என்று சுமக்கிற ஆண்கள் இருக்கிறார்கள்.

ஒரு கஷ்டம் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதை நான் சகித்தால் யாராவது வாழ்வடைகிறார்களா, அல்லது ஒருவனுடைய அக்கிரமம்தான் வளர்கிறதா? இதை நானே விரும்பி ஏற்றேனா, அல்லது என்மேல் சுமத்தினார்களா? இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதா?

பவுல் பிலிப்பியில் அடியும் சிறையும் பட்டுப் பாட்டுப் பாடினார், உண்மை. மறுநாள் காலையில் ரகசியமாகப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, ரோமர்களாகிய எங்களை விசாரிக்காமல் அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். பிறகு எருசலேமில் சவுக்கடிக்கு முன் தன் குடியுரிமையைச் சொன்னார். செசரியாவில் இராயருக்கு அபயமிட்டார், அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடம் மேல்முறையீடு செய்தார். அவர் செய்ததை நாம் செய்தால் விசுவாசக் குறைவாகாது.

இந்நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அந்த ஆகஸ்டிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே கொடுத்தாலும், இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகக் காப்புறுதி) பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமலிருந்தாலும் புகார் கொடுக்க அலுவலகங்கள் உண்டு. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். அடி விழும் வீடு என்றால் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. தாலியான் காசே (Talian Kasih) 15999 என்ற அரசாங்க உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. போலீசில் புகார் கொடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். இந்த எண்ணைச் சபையின் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

"நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சொன்னது யோசேப்பு. குழியில் விழுந்தவன், விற்கப்பட்டவன், சிறையில் மறக்கப்பட்டவன், பல வருஷம் கழித்து, தன் வாயால் சொன்னான். அவனைத் தள்ளிய அண்ணன்மார் சொல்லியிருந்தால் அது ஆணவம். அடுத்தவருடைய கஷ்டத்துக்கு நோக்கம் கற்பிக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஐந்தாம் படி: ஊரைத் தெரிந்துகொண்டு ஒரே ஒரு வேலையை எடுங்கள்

பட்டணத்தின் சமாதானத்தைத் தேட வேண்டுமானால் பட்டணம் தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதற்கு முன் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். அந்தக் கதைகளைத் தாய் தகப்பனிடம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அவர்களோடு உட்காருங்கள். பேசுவார்கள்.

இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தாங்களே தோட்டம் வாங்கினார்கள். முதலாவது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஏசாயா 45-இல் கர்த்தர் கோரேசு என்ற பெர்சிய ராஜாவைத் தாம் அபிஷேகம்பண்ணினவர் என்று அழைக்கிறார். ஆகவே தேவனுடைய நோக்கம் நம் சபைக் கட்டடத்துக்குள்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நமக்கு முன்பே அவர் ஊருக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

இனி, என்ன வேலை? அரசாங்க கிளினிக் வரிசை, தமிழ்ப்பள்ளி வாசல், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜோகூருக்கும் போய்விட்டதால் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் தாமான் வீடுகள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தம்பிகள். சுற்றிப் பார்த்தால் தேவைக்குப் பஞ்சமில்லை. நான்கையும் எடுத்தால் நான்கும் கெடும். ஒன்றை எடுங்கள்.

எனக்குக் கேட்டால் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போவதைச் சொல்வேன். நம் இனத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து சிறுநீரகம் கெட்டவர் இல்லாத தெரு அபூர்வம். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். தகுதியுள்ள சந்தாதாரர்களுக்குச் சொக்சோ செலவை ஏற்கிறது. ஆனால் கொண்டுபோய் விடுவது யார்? மகன் ஷிப்ட் வேலையில் இருப்பான். மருமகளுக்கு லைசென்ஸ் இருக்காது. போகும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவார்கள். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கையில் கட்டோடு, எதிர்வெயிலில் கிராப் வாடகைக் கார் தேடி நிற்பார்கள். போகும் வழியைவிட வரும் வழிக்குத்தான் ஆள் தேவை. ஊசி குத்திய கையைப் பிடித்துத் தூக்காமல், கதவை அகலத் திறந்து, மறுபக்கத் தோளுக்குக் கைகொடுங்கள். பின் சீட்டில் ஒரு தலையணையும் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை அன்பாக நீட்டாதீர்கள். அவர்களுக்குத் தண்ணீர் அளவு கணக்குண்டு.

வேறு வேலைகளும் உண்டு. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாய் மொழியோடு வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும் என்பது 2013 முதல் விதி. சபை ஹாலில் வாரம் ஒரு மாலை இந்த இரண்டு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வைத்தாலே எத்தனையோ பிள்ளைகள் தப்பிப்பார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத, அடையாள அட்டை சிக்கலில் மாட்டிய குடும்பங்களோடு தேசியப் பதிவு இலாகாவுக்குத் துணைபோவது இன்னொன்று. பொறுமைக்கு வரம் பெற்றவர்கள் அதை எடுங்கள். கவுண்டரில் ஒரு தாள் குறைந்தது என்று திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்.

ஆறாம் படி: தூண்டில் போடாதீர்கள்

அரிசிப் பையில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். உதவி பெறுகிறவர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவரானால் போகட்டும், வெள்ளிக்கிழமை அவர் நேரத்தைக் கேட்டு வண்டியை அனுப்புங்கள். நன்மை செய்யச் சொன்ன கர்த்தர், பதிலுக்கு ஒரு தலையாட்டலை வாங்கி வரச் சொல்லவில்லை. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று அவராகக் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள். இஸ்லாமியர்களிடையே வேற்று மதப் பரப்புதலைக் கட்டுப்படுத்தக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. மலாய்க்கார அண்டை வீட்டாருக்கும் இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் உதவும்போது அது நினைவில் இருக்கட்டும். உதவிக்குத் தடையில்லை.

ஏழாம் படி: போவதா, இருப்பதா

இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். "அண்ணே, ஊரிலேயே இருந்தால்தான் தேவ சித்தமா? சிங்கப்பூர் போனால் உலக ஆசையா?" இரண்டுமில்லை தம்பி. ஆபிரகாமைப் புறப்படச் சொன்னவர், கதரேனரின் நாட்டில் பிசாசு நீங்கின மனுஷன் படகில் ஏறிக் கூட வருகிறேன் என்று கெஞ்சியபோது, "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ" என்றார். அவனுக்குச் சொந்த ஊர்தான் சௌகரியமில்லாத இடம். அவனைச் சங்கிலியால் கட்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். போவதானால், அங்கே யாருக்காக என்பதற்கு ஒரு பதில் வைத்திருங்கள். கடன் அடைக்க, தங்கை படிக்க என்பதும் நல்ல பதில்தான், அதில் வெட்கமில்லை. இருப்பதானால், பயத்தினால் இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையை ஊரில் கட்டிப்போட "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று சொல்லாதீர்கள். போனவர்கள் மாதாமாதம் டயாலிசிஸ் வண்டியின் பெட்ரோலுக்கு அனுப்பட்டும். அதுவும் இதே வேலைதான்.

எட்டாம் படி: அளவோடு செய்யுங்கள், கைமாற்றிக் கொடுங்கள்

எலியா சூரைச்செடியின்கீழ் சாக விரும்பினபோது தேவன் அவனைத் திட்டவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான். ஓய்வு எடுப்பதைச் சௌகரியத்துக்கு அடிமையாவதோடு குழப்ப வேண்டாம். வாரத்துக்கு ஒரு ஓட்டம் என்று முடிவு செய்தால் ஒன்றுதான். ஆண்கள் கவனிக்க: நீங்கள் வண்டி ஓட்டப்போகும் மூன்று மணி நேரத்துக்கு வீட்டில் குழந்தையையும் சமையலையும் பார்ப்பது யார்? மனைவியின் முதுகில் ஏறிச் செய்யும் ஊழியம் நிறைய நடக்கிறது. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பெயரைக் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழுவாக உட்கார்ந்து பாருங்கள். யாருக்குப் பயன்பட்டது, யார் களைத்துவிட்டார்கள், எதை நிறுத்தலாம் என்று. நிறுத்துவதும் ஒரு பதில். எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். ஓட்டுநர் மாறும்போது நோயாளியின் மெஷின் நேரம், வீட்டுக்கு வரும் குறுக்கு வழி, எந்தக் கையில் ஊசி, அவசரத்துக்கு எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புதியவர் வண்டியெடுக்கும் முதல் தடவை பழையவரும் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். முன்பின் தெரியாதவர் வாசலில் ஹாரன் அடித்தால் வயதானவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள்.